யோ மூன்று, ஒன்று முதல் பத்து

வேதம் வாசித்தேன் என்று பொய் சொல்வதுதான் உலகத்திலேயே சுலபமான பொய். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னால் வயிறு கத்திக் காட்டிக்கொடுக்கும். குளித்தேன் என்று பொய் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்தவர் கண்டுபிடித்துவிடுவார். வேதம் வாசித்தேன் என்றால் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தப் பொய்யை நான் எட்டு மாதம், ஒரு நாள் விடாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்கவில்லை.

எனக்கு அழகாக எழுத வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மலேசியாவில், கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். விடியற்காலை ஐந்தேகாலுக்கு வண்டியை எடுத்தால், தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளியில் தள்ளிவிட்டு, மதியம் மறுபடி அள்ளிக்கொண்டு வர வேண்டும். கிள்ளான் ரோட்டில் என் வாயில் விழாத லோரிக்காரன் கிடையாது. பெயர் குளோரி. பெயரில் மட்டும்தான் மகிமை.

எனக்கு இருப்பது ஒரே தங்கை, பிரிசில்லா. வீட்டில் பிரிசி. அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் கல்யாணமும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் பதினொன்றாவது மாடியில் இருக்கிறாள். கணவன் டேனியல், நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டான். அவன் சார்பில் அதிர்வதற்கு அவன் அம்மா இருக்கிறார். நான் அவரை ஆன்டி என்று கூப்பிடுவேன். முப்பது வருடம் டீச்சராக இருந்தவர். ஓய்வு கொடுத்தது பள்ளிக்கூடம்தான், அவர் யாருக்கும் ஓய்வு கொடுக்கவில்லை.

அந்த வருடம் புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு ஆன்டி வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். 'குடும்பத் தியானம்'. ஒரு வருடத்துக்குள் வேதத்தை ஆதியிலிருந்து அந்தம்வரை முடிக்க வேண்டும். தினமும் காலை ஐந்து மணிக்கு அன்றைய அதிகாரங்களைப் போடுவார். வாசித்தவர்கள் 'வாசித்தேன்' என்று எழுத வேண்டும். அதோடு விட்டாரா? இல்லை. வாசித்ததில் மனதைத் தொட்டது எது என்று ஒரு வரியும் எழுத வேண்டும். (பரீட்சை வைக்காமல் அவரால் பசியாற முடியாது.)

முதல் ஒன்பது நாள் நான் நிஜமாகவே வாசித்தேன். பத்தாம் நாள் வண்டி பேட்டரி செத்தது. அன்று வாசிக்கவில்லை, ஆனால் 'வாசித்தேன்' என்று எழுதினேன். வானம் இடிந்து விழவில்லை. அதன் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. முதல் பிள்ளை வண்டியில் ஏறுவதற்குள் 'வாசித்தேன், மிகவும் ஆறுதலாக இருந்தது' என்று தட்டிவிடுவேன். எந்த அதிகாரத்துக்கும் பொருந்தும் என்று நினைத்தேன். ஒருநாள் தோல் வியாதிக்காரரைக் குடியிருப்புக்கு வெளியே அனுப்பும் சட்டங்கள் உள்ள பகுதி. அதற்கும் ஆறுதலாக இருந்தது என்றேன். இன்னொரு நாள் ஒரு பட்டணத்தில் ஒருத்தன் மிச்சமில்லாமல் வெட்டுகிறார்கள். 'இன்று முழுவதும் இந்த வார்த்தை என்னோடு இருந்தது' என்றேன். ஆன்டி அதற்கு இதயப் படம் போட்டார். அவரும் வாசித்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

இதில் சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. பிரிசிக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். அதில் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. இரண்டாவது போன அன்று ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நான் தினமும் வேதம் வாசிச்சு உனக்காக ஜெபம் பண்றேன் பிரிசி" என்றேன். அவள் நம்பினாள். அதன் பிறகு மூன்றாவது தங்கியது. அந்த வருடம்தான் ஆன்டியின் குழுவும் தொடங்கியது. குழுவில் என் 'வாசித்தேன்' விழும்போதெல்லாம் அவள் எனக்குத் தனியாக இரண்டு கைகூப்பும் படங்கள் அனுப்புவாள். ஒவ்வொரு நாளும். என் மாதிரி ஒரு அக்கா யாருக்கும் வாய்க்க வேண்டாம்.

பிள்ளை பிறந்தான். ஆண் பிள்ளை, ஈதன். குறையில்லை, அழுகைக்கும் பஞ்சமில்லை. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். நாற்பதாம் நாள் முடிந்து வரும் சனிக்கிழமை வீட்டிலேயே ஸ்தோத்திரக் கூட்டம் என்று ஆன்டி முடிவு செய்தார். பாஸ்டர் வருவார், சபையார் வருவார்கள், பிரியாணிக்குச் சொல்லியாயிற்று.

பிரிசி அந்த நாற்பது நாளும் சிரிக்கவில்லை. நான் வாரம் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை அழுதால் எடுப்பாள், பால் கொடுப்பாள், திரும்ப வைப்பாள். மாவுப் பொட்டலத்தை எடுத்து வைப்பதுபோல. "தூக்கம் பத்தல, வேற ஒண்ணுமில்ல" என்றார் ஆன்டி. டேனியலும் அதையே சொன்னான். எனக்கும் அது வசதியாக இருந்தது. வருகிற ஒவ்வொருவரும் ஒரு வசனத்தோடு வந்தார்கள். பிள்ளைகள் கர்த்தர் தரும் சொத்து, அழுதவர்கள் சிரிப்பார்கள், மலடி என்று ஏளனம் செய்யப்பட்டவள் பாடுவாள். அட்டையில் அச்சடித்து, சட்டம் போட்டு, சாவிக்கொத்தில் மாட்டி, எல்லா வடிவத்திலும் வந்தது. அவள் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றாள்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவளே என்னை அழைத்தாள்.

"அக்கா, சனிக்கிழமை வேதப் பகுதியை நீ வாசி."

"நானா? ஆன்டி யாரையாவது வச்சிருப்பாங்க லா."

"அவங்ககிட்ட சொல்லிட்டேன். அக்காதான் வாசிக்கணும்னு. நீதான தினமும் வாசிக்கிற."

நாற்பது நாளில் அவள் கேட்டது அது ஒன்றுதான். ஊறுகாய் கேட்கவில்லை, உதவி கேட்கவில்லை. சரி என்றேன். எந்தப் பகுதி என்று அப்போதே ஆன்டியிடம் கேட்டு, வீட்டில் இரண்டு தடவை வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். சாதாரண மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். நான் புதுச் சேலைக்குப் பொருத்தமான வளையல் தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை பெடரல் ஹைவேயில் ஜாம். நான் போய்ச் சேர்ந்தபோது முதல் பாட்டு முடிந்துவிட்டது. கூடத்தில் நாற்பது பேர். இடம் போதாமல் ஒரு கட்டிலைக்கூடப் பிரித்து எடுத்திருந்தார்கள். ஆன்டி என்னை முறைத்தபடி மடித்த ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தார். பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றையும் மேலே வைத்தார். செங்கல் கனம்.

சீட்டில் இப்படி இருந்தது: யோ 3:1–10.

வேதத்தைத் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தமிழ் வேதாகமத்தில் 'யோ' என்று தொடங்கும் பெயருள்ள புத்தகங்கள் ஐந்து. யோசுவா, யோபு, யோவேல், யோனா, யோவான். ஆன்டி மனதில் இருந்தது யோவான். அதில் மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தில் மறுபடியும் பிறப்பதைப் பற்றி இயேசு பேசுகிறார். பிள்ளை பிறந்த வீட்டில் வாசிக்க ஏற்ற பகுதி. அவர் அந்தப் பகுதியை ஆயிரம் முறை வாசித்தவர். 'யோ' என்று எழுதினால் உலகமே யோவான் என்று எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தார். உலகத்தில் என்னை மாதிரி ஆளும் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. நான்தான் தினமும் வாசிக்கிறவள் ஆயிற்றே.

வேதாகமத்தை நடுவில் திறந்தால் சங்கீதம் வரும். சண்டே ஸ்கூலில் படித்த இது எனக்கு நினைவிருந்தது. திறந்தேன், சங்கீதம். அதற்கு முந்தின பக்கங்களைப் புரட்டினேன். மேலே பெரிய எழுத்தில் யோபு. யோ! எவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிட்டது என்று எனக்கே பெருமை. ஆவியானவர் வழிநடத்துகிறார் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

"வேதப் பகுதிக்காக எழுந்து நிற்போம்" என்றார் பாஸ்டர். நாற்பது பேரும் நின்றார்கள். பிரிசியும் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள். டேனியல் அவள் தோளில் கை வைத்திருந்தான்.

"யோபுவின் புத்தகம், மூன்றாம் அதிகாரம்!" என்றேன்.

பாஸ்டர் தலை நிமிர்ந்தது. எதிரே நின்ற ஆன்டி கண்ணை அகல விரித்து, கையை வேகமாக ஆட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை, சத்தமாக வாசி என்கிறார். சத்தம் என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? கடைசி சீட்டில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தே அடக்குகிற குரல். அந்தக் குரலை எடுத்தேன்.

வசனங்களை இங்கே அப்படியே எழுதப் போவதில்லை. அவற்றை நான் அந்தக் கூடத்தில் சொன்னதே போதும். சாரம் மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றையும் இழந்த யோபு வாயைத் திறந்து, தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அந்த நாள் அழிந்து போகட்டும். ஆண் பிள்ளை என்று சொல்லப்பட்ட அந்த இரவு நாசமாகட்டும். அந்த நாளை இருட்டு மூடட்டும்.

வேதத் தமிழ் வேறு தமிழ். நான் தடுமாறாமல் வாசிப்பதிலேயே கவனமாக இருந்தேன். பொருள் எனக்குப் பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் வசனம் முடியும்போதுதான் அது வந்து இறங்கியது. ஐயோ, என்ன வாசிக்கிறோம் இது?

அப்போது நிறுத்தியிருக்கலாம். "மன்னிக்கணும், பக்கம் மாறிடுச்சு" என்று ஒரு வார்த்தை. ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தினால், தினமும் வாசிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பார்கள். எட்டு மாதப் பொய் அந்த நிமிடம் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது, மேலே வாசி என்று. அதோடு ஒரு நம்பிக்கையும் இருந்தது. வேதத்தில் முதலில் திட்டிவிட்டுப் பிறகு ஆசீர்வதிப்பது வழக்கம்தானே, பத்தாம் வசனத்துக்குள் இந்த ஆள் திரும்பிவிடுவான் என்று காத்திருந்தேன்.

திரும்பவில்லை. போகப் போக மோசமானான்.

எங்கள் சபையில் வேதம் வாசிக்கும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. பாஸ்டர் உட்பட. அந்த ஒழுக்கத்தை ஆன்டிதான் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர். ஆகவே நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டு, தலை குனிந்து, பயபக்தியோடு அந்தச் சாபம் முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவரைத் தவிர. சோபா ஓரத்தில் காது மந்தமான ஒரு அங்கிள் இருந்தார். நான் மூச்சு விடும் இடத்தில் எல்லாம் அவர் தெளிவாக "ஆமென்" என்றார். அந்த இரவில் சந்தோஷச் சத்தமே கேட்காமல் போகட்டும். ஆமென். அந்த இரவு மலடாகட்டும். ஆமென், ஆமென்.

ஏழாம் வசனம் அது. மலடு என்ற சொல் என் வாயிலிருந்து போவதை நானே பார்த்தேன். ஏழு வருடம் அந்தச் சொல்லைப் பயந்து வாழ்ந்த வீட்டில்.

தாயின் கர்ப்ப வாசலை அந்த இரவு அடைக்காமல் போனதே என்று பத்தாம் வசனம் முடிகிறது. முடித்தேன். வழக்கப்படி சொல்ல வேண்டியதை வாய் தானாகவே சொன்னது: "இது ஆண்டவருடைய வார்த்தை."

"ஆண்டவருக்கு நன்றி" என்று பத்துப் பேர் பழக்கத்தில் சொல்லிவிட்டு, சொன்னதற்காக விழித்தார்கள்.

நான் பிரிசியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நாளில் முதல் தடவையாக அவள் கண் ஒரு இடத்தில் நின்றது. பிறகு பிள்ளையை ஆன்டி கையில் கொடுத்தாள், அறைக்குள் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்து நடந்ததை நான் முழுதாகச் சொல்ல மாட்டேன். பாஸ்டர் பாவம், யோபுவிலிருந்து பிரியாணிக்கு ஒரு பாலம் கட்டப் பார்த்தார், நடக்கவில்லை. ஆன்டி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனார்.

"என்ன குளோரி இது? என் பேரப்பிள்ளைக்குச் சாபமா விடுற?"

"சீட்டுல யோன்னுதான ஆன்டி போட்டிருந்தீங்க."

"யோன்னா யோவான்! ஸ்தோத்திரக் கூட்டத்துல எந்தப் பைத்தியம் யோபு மூணு வாசிக்கும்?"

"யோன்னா யோபுவும்தான். முழுசா எழுதினா பேனா தேஞ்சிடுமா?"

(தப்பு செய்துவிட்டும் வாய் அடங்கவில்லை. இது எனக்கு ஒரு வியாதி.)

ஆன்டி கைப்பேசியை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழுவில் பழையதைத் தேடினார். டீச்சர் அல்லவா, ஆதாரம் இல்லாமல் அடிக்க மாட்டார். இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு நாள். அன்றைய பகுதி, யோபு ஒன்று முதல் நான்கு. அதற்குக் கீழே என் வரி. அதை வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தார்.

"'வாசித்தேன். இந்த அதிகாரங்கள் பிரிசியின் பிள்ளைக்கான வாக்குத்தத்தம்போல எனக்குத் தோன்றியது. மிகவும் ஆறுதல்.'"

சமையலறையில் தண்ணீர் குடிக்க வந்த இரண்டு அக்காமார் அப்படியே நின்றார்கள். பின்னால் டேனியல் நின்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா," என்றான் மெதுவாக. "நீங்க வீட்டுக்குப் போங்க. ப்ளீஸ்."

லிஃப்டில் இறங்கும்போதே கைப்பேசி சத்தமிட்டது. குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார் ஆன்டி. பிரியாணி ஒரு பிடிகூடத் தபாவ் கட்டித் தரவில்லை. சுபாங் பக்கம் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, ஆறிப்போன ஒரு கறிபாப் வாங்கித் தின்றேன். தின்றுகொண்டே அழுதேன். அழுதுகொண்டே இன்னொன்று வாங்கினேன்.

பிரிசி என் அழைப்பை எடுக்கவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். பத்தொன்பது நாள்.

அந்தப் பத்தொன்பது நாளில்தான் நான் நிஜமாக வேதம் வாசிக்கத் தொடங்கினேன். பக்தியினால் இல்லை. என் தங்கைமேல் நான் எதைக் கொட்டினேன் என்று பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளைகளை ஏற்றப் பள்ளி வாசலுக்கு அரைமணி முன்னதாகவே போய்விடுவேன். பெட்ரோல் செலவுக்குப் பயந்து ஏர்கானை நிறுத்திவிட்டு, வேர்த்துக்கொண்டே யோபுவை முதலிலிருந்து வாசித்தேன். அந்த ஆள் பிள்ளைகள் பத்துப் பேரையும் ஒரே நாளில் இழந்தவன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை நல்லவர்கள். பிறகு வாயைத் திறந்தார்கள், கெட்டது. நீ ஏதாவது பாவம் செய்திருப்பாய், பொறுத்துக்கொள், ஸ்தோத்திரம் சொல். சட்டம் போட்ட வசனத்தோடு வந்தவர்கள் எல்லாம் அந்த மூன்று பேரில் இருந்தார்கள். நானும் இருந்தேன். ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தவள்தானே நான்.

இருபதாம் நாள், பன்னிரண்டேகால் மணி. வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி அடித்தது. பிரிசி.

"அக்கா, அன்னைக்கு ஒண்ணு படிச்சியே."

"பிரிசி, அத மறந்துடுலா. நான் ஒரு மூதேவி. சீட்டுல..."

"அது எங்க இருக்கு?"

"எது?"

"அந்த ஆளு. பொறந்த நாள் அழிஞ்சு போகட்டும்னு சொன்னானே. மறுபடியும் படி."

"உனக்கு என்ன, பைத்தியமா?"

"படி, அக்கா."

வாசித்தேன். இந்த முறை வேன் குரலில் இல்லை. பத்தாம் வசனத்தில் நிறுத்தினேன். மேலே வாசி என்றாள். அதிகாரம் முடியும்வரை வாசித்தேன். நிம்மதி இல்லை, தூக்கம் இல்லை, பயந்தது வந்துவிட்டது என்று அவன் புலம்பி முடிக்கிறான்.

"அதான்," என்றாள். "அதேதான் அக்கா. எல்லாரும் எனக்கு வசனம் குடுத்தாங்க. இத யாரும் குடுக்கல."

"அன்னைக்குக் கோவமா உள்ள போனியேடி."

"கோவம் இல்ல. அங்கயே கத்திடுவேனோன்னு பயமா இருந்திச்சு. அதான் போனேன். பால்கனிக் கதவ நானே பூட்டிட்டேன் அக்கா. சாவிய டேனிகிட்ட குடுத்து, நான் கேட்டாலும் தராதன்னு சொன்னேன். ஏன்னு அவர் கேக்கவே இல்ல. குழந்தைக்காகன்னு நெனச்சுக்கிட்டார்."

பதினொன்றாவது மாடி.

"பிரிசி, போன வைக்காத. பேசிக்கிட்டே இரு. வரேன்."

எனக்குப் பின்னால் வேன் நிறுத்தியிருந்த சிவா அண்ணனிடம் ஓடினேன். "அண்ணே, என் பிள்ளைங்களையும் இன்னைக்கு ஏத்திக்குங்க."

"ஏன் குளோரி, வண்டி ரோசாக் ஆயிடுச்சா?"

"வண்டி இல்லண்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார். வழி முழுக்க அவளைப் பேசவைத்துக்கொண்டே ஓட்டினேன். காலியான பள்ளி வேனை பெடரல் ஹைவேயில் அந்த வேகத்தில் யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். அபராதச் சம்மன் பிறகு வந்தது, கட்டினேன்.

அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான். ஒரு மலாய்க்கார நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, பிரிசியிடம் என்ன செய்கிறது என்று மலாயில் கேட்டாள். அலுவலகத்தில் நாள் முழுக்க மலாய் பேசுகிறவள் பிரிசி. அன்று ஒரு வார்த்தை வரவில்லை. "நீ சொல்லுக்கா" என்றாள். என்னத்தைச் சொல்ல? எனக்குத் தெரிந்தது வண்டிப் பட்டறையில் பேசுகிற பாசார் மலாய். அதில் டயர் மாற்றச் சொல்லலாம், சண்டை போடலாம். இதற்கு வார்த்தை இல்லை. என்னிடம் இருந்தது யோபு மூன்று மட்டும். அதைத்தான் சொன்னேன். அவள் பிறந்த நாளே இல்லாமல் போயிருக்கலாம் என்கிறாள், வெளிச்சம் வேண்டாம் என்கிறாள், படுத்தால் தூக்கம் இல்லை, பயந்தது வந்துவிட்டது. உடைந்த மலாயில், வேர்வை நாற்றத்தோடு, ஒரு பழைய மனிதனின் புலம்பலை வசனம் வசனமாக மொழிபெயர்த்தேன். நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள். எழுந்து வந்து பிரிசி பக்கத்தில் உட்கார்ந்தாள். வரிசையில் இருபது பேர் காத்திருக்க, நேராக டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

நான் செய்த ஒரே பிரயோஜனமான வேத வாசிப்பு அதுதான்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வரும் வியாதி இது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையில் முதலில் இன்னும் மோசமானாள். சாவியை அவள் ஏன் கொடுத்தாள் என்று டேனியலிடம் நான்தான் சொன்னேன். அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான். ஆன்டியிடமும் சொன்னேன். "ஜெபக் குறைவு" என்று தொடங்கினார். அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் மறுவாரம் அவரே அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். வரிசையில் மூன்று மணி நேரம் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்று பிரிசி சொன்னாள். ஆன்டிக்கு அது நாற்பது நாள் உபவாசத்துக்குச் சமம்.

தினமும் பன்னிரண்டேகாலுக்கு நான் அழைப்பேன். ஒரு அதிகாரம். பள்ளி மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும். விளக்கம் கிடையாது, ஜெபம் கிடையாது. அவள் சில நாள் அழுவாள், சில நாள் நடுவில் தூங்கிவிடுவாள். நண்பர்கள் பேசும் அதிகாரங்களில், "இது நம்ம கோயில் ஆளுங்கதான்" என்று ஆளாளுக்குப் பெயர் வைத்தோம். யாருக்கு எந்தப் பெயர் என்று சொன்னால் என்னைச் சபையிலிருந்தும் நீக்கிவிடுவார்கள்.

நாற்பத்திரண்டாம் அதிகாரம், கடைசி. யோபுவுக்கு இழந்தது எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. மறுபடியும் பத்துப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, நல்லபடியாக முடிந்தது என்றேன்.

"என்ன முடிஞ்சது?" என்றாள் பிரிசி. குரலில் கோபம். பல மாதம் கழித்து அவளிடம் கோபத்தைக் கேட்டேன். "முதல்ல செத்த பத்துப் பிள்ளைங்க? அதுங்களுக்குப் பேர்கூட போடலியே அக்கா."

புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். போடவில்லை. அவளுடைய அந்த இரண்டுக்கும் பெயர் வைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் இந்தக் கதையை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஈதனின் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் டேனியல் எழுந்து நின்று, "யாராவது சாபம் விடணும்னா கேக் வெட்டுறதுக்கு முன்னால விட்டுடுங்க" என்பான். யாராவது என் குரலை எடுத்துக் கத்துவார்கள், இன்னொருவர் அந்தக் காது மந்தமான அங்கிளாக மாறி "ஆமென்" என்பார். அங்கிள் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் ஆமென் மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஈதன் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவதில்லை. 'யோ பெரியம்மா'. ஆன்டி இப்போது யாருக்கு வேதப் பகுதி கொடுத்தாலும் முழுப் பெயரையும் எழுதுகிறார். எனக்குக் கொடுத்தால், பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'யோபு அல்ல' என்று சிவப்பு மையில் எழுதுகிறார். என்னைக் குழுவில் திரும்பச் சேர்த்துவிட்டார். வாசிக்காத நாளில் 'வாசிக்கவில்லை' என்று போடுகிறேன். அதற்கு இதயப் படம் வருவதில்லை.

அந்தச் சிரிப்பில் பூட்டிய கதவு வருவதில்லை. கிளினிக் வருவதில்லை. சமையலறைத் தரையும் வருவதில்லை. தெரிந்தவர்கள் நான்கு பேரும் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரிக்கிறோம்.

பிரிசி வேலைக்குப் போகிறாள், பிள்ளையைக் கொஞ்சுகிறாள். சில மாதம் நன்றாக இருக்கிறாள், சில மாதம் இல்லை. மாத்திரையை நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கினார்கள். எந்த மாதம் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. யோபுவை இத்தோடு எத்தனையாவது தடவை வாசிக்கிறோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டோம். வேறு புத்தகத்துக்குப் போகலாமா என்று கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள்" என்கிறாள்.

இதைப் பள்ளி வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பன்னிரண்டேகால் ஆகிவிட்டது. இப்போது அழைக்க வேண்டும். போன் மணி ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை அடிக்கும். ஆறு வருடமாகியும் அந்த மணி அடிக்கும் நேரத்தில் எனக்கு மூச்சு வருவதில்லை. எடுத்தால் அவள் ஹலோ சொல்வதில்லை, என்னைக் கிண்டல் செய்ய ஒரே ஒரு எழுத்துதான் சொல்வாள்.

"யோ."

அதன் பிறகுதான் நான் மூச்சு விடுவேன்.